ஆண்ட்ராய்டு கைபேசியைப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

கைபேசிப் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் சொற்களில் பெரும்பாலானவை அதை விற்பதற்கு உதவும் சொற்கள். மெகாபிக்சல், ஹெர்ட்ஸ், வாட் என்று அடுக்கப்படும் அந்த எண்களைத் தெரிந்துகொள்வதில் பயன் உண்டு என்றாலும், கைபேசி தொலைந்துபோகும் நாளிலும், சிம் முடங்கிப்போகும் நாளிலும், யாரோ ஒருவர் வங்கி அதிகாரி போலப் பேசிக் குறியீடு கேட்கும் நாளிலும் நமக்குக் கைகொடுப்பவை வேறு சில சொற்கள். ஐஎம்இஐ, பியூகே, பாதுகாப்புப் புதுப்பிப்பு, அனுமதி ஆகிய அந்தச் சொற்கள் பெட்டியின் பக்கவாட்டில் சிறிய எழுத்திலோ செட்டிங்ஸின் உள்ளடுக்குகளிலோ மறைந்து கிடக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் விற்பனைச் சொற்களைச் சுருக்கமாகவும், நம்மைக் காக்கும் சொற்களை விரிவாகவும் பார்க்கப் போகிறோம்.

இந்தியாவில் ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றைப் புதிதாக வாங்குபவரையும், ஏற்கெனவே கையில் வைத்திருந்தும் பாதி வசதிகளுக்குப் பிறரை எதிர்பார்ப்பவரையும் மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. பட்டியல்களின் பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் சற்றே மாறும். நான் குறிப்பிடும் ஒரு வசதி அதே இடத்தில் கிடைக்காவிட்டால், செட்டிங்ஸின் மேற்புறத்தில் உள்ள தேடல் பெட்டியில் அதன் பெயரைத் தட்டினால் போதும்.

முதல் படி: பெட்டியின் பக்கவாட்டைப் படியுங்கள்

பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டப்பட்ட சீட்டில் 15 இலக்கம் கொண்ட எண் ஒன்று இருக்கும். அதுதான் ஐஎம்இஐ எண். உலகில் ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியாக வழங்கப்படும் அடையாளம் இது. முதல் எட்டு இலக்கங்கள் மாடலைக் குறிக்கும், கடைசி இலக்கம் மற்றவை சரியாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று சரிபார்ப்பதற்கானது. இரண்டு சிம் போடும் கைபேசியில் இரண்டு ஐஎம்இஐ எண்கள் இருக்கும்.

கைபேசியில் அழைப்புக்கான எண்பலகையைத் திறந்து *#06# என்று அழுத்துங்கள். பச்சைப் பொத்தானைத் தொடாமலேயே அந்த எண் திரையில் தோன்றும். திரையில் தெரியும் எண், பெட்டியில் உள்ள எண், ரசீதில் எழுதப்பட்ட எண் ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கடையை விட்டு வெளியேறும் முன்பே இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது. பழைய கைபேசி வாங்குபவர்கள் இன்னும் ஒரு படி மேலே போக வேண்டும்: ஆங்கில எழுத்துகளில் கேஒய்எம் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எண்ணைச் சேர்த்து 14422 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அந்த எண்ணுக்குரிய நிறுவனமும் மாடலும் பதிலாக வரும். கையில் இருப்பது ஒரு மாடல், பதிலில் வருவது வேறொரு மாடல் என்றால் அந்தக் கைபேசியை வாங்கக் கூடாது.

இந்த எண்ணை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வீட்டில் வையுங்கள். கைபேசியிலேயே சேமித்து வைத்தால், கைபேசி தொலையும்போது எண்ணும் சேர்ந்து தொலையும். தொலைந்த கைபேசியை முடக்குவதற்கு இந்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் முதல் சஞ்சார் சாத்தி என்ற இணையதளத்தை நாடு முழுவதற்கும் திறந்திருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதன் நகலையும் ஐஎம்இஐ எண்ணையும் அந்தத் தளத்தில் பதிவு செய்தால், இந்தியாவின் எந்த நிறுவனத்தின் சிம்மைப் போட்டாலும் அந்தக் கைபேசி இணைப்புப் பெறாதபடி தடுக்கப்படும். சரிபார்ப்புக்கான குறியீடு பழைய எண்ணுக்கே வரக்கூடும் என்பதால், முதலில் அதே எண்ணுக்கு மாற்று சிம் வாங்கிக்கொள்ள வேண்டும். கைபேசி திரும்பக் கிடைத்தால் அதே தளத்தில் தடையை நீக்கலாம்.

சீட்டில் காணும் இன்னொரு சொல் எஸ்ஏஆர். கைபேசியின் ரேடியோ அலைகளை உடல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதன் அளவு இது. இந்தியாவில் ஒரு கிலோகிராமுக்கு 1.6 வாட் என்பது மேல் வரம்பு. *#07# என்று அழுத்தினால் பெரும்பாலான கைபேசிகள் தமக்குரிய அளவைக் காட்டும்.

இரண்டாம் படி: சிம்மையும் அதன் பூட்டையும் அறிந்துகொள்ளுங்கள்

இன்று பெரும்பாலான கைபேசிகள் ஏற்பது நானோ சிம். பழைய கைபேசியிலிருந்து எடுத்த பெரிய சிம்மைக் கத்தரியால் வெட்டிப் பொருத்துவதைவிட, நிறுவனத்தின் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்வது பாதுகாப்பானது. பெட்டியில் வரும் சிறு ஊசியை பக்கவாட்டுத் துளையில் மெதுவாக அழுத்தினால் சிம் தட்டு வெளியே வரும். அருகிலேயே ஒலிவாங்கியின் துளையும் இருக்கக்கூடும். ஊசியை அதில் விட்டுவிடாமல், தட்டின் விளிம்புக் கோடு தெரியும் இடத்தைப் பார்த்து அழுத்துங்கள். இரண்டு சிம், அல்லது ஒரு சிம்மும் ஒரு மெமரி கார்டும் என்று இரண்டில் ஒன்றை மட்டுமே ஏற்கும் தட்டுக்கு ஹைபிரிட் தட்டு என்று பெயர். இரண்டு சிம்மோடு மெமரி கார்டும் தேவைப்படுபவர்கள் இதை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

இ-சிம் என்பது கைபேசிக்குள்ளேயே பதிந்திருக்கும் சில்லு. தனியாக அட்டை எதுவும் இல்லை. இணைப்பு நிறுவனம் அனுப்பும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் இணைப்பு அதில் ஏறிவிடும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கைபேசி வாங்கி அனுப்பும் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன் 14 முதலான மாடல்களில் சிம் தட்டே கிடையாது. அங்கே ஒரு நிறுவனத்தின் ஒப்பந்தத்தோடு வாங்கிய கைபேசி அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்குமாறு பூட்டப்பட்டிருக்கவும் கூடும்.

இனி, இந்த வழிகாட்டியில் நான் மிக முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருகிறேன். திரைப்பூட்டு வேறு, சிம் பூட்டு வேறு. கைரேகையும் எண்குறியும் கொண்டு நாம் பூட்டுவது கைபேசியை மட்டுமே. அதைத் திருடியவர் சிம்மைக் கழற்றி வேறொரு கைபேசியில் போட்டால், நம் எண்ணுக்கு வரும் அழைப்புகளும் வங்கியின் ஒருமுறைக் குறியீடுகளும் (ஓடிபி) அவர் கையில் போய்ச் சேரும். இதைத் தடுப்பது சிம் பின். இதை இயக்கிவிட்டால், கைபேசியை அணைத்துப் போடும்போதும் சிம்மை வேறு கைபேசிக்கு மாற்றும்போதும் நான்கு முதல் எட்டு இலக்கம் கொண்ட அந்த எண்ணைக் கொடுக்காமல் சிம் இயங்காது. பாதுகாப்பு என்ற பிரிவில் சிம் பூட்டு என்று தேடினால் இது கிடைக்கும்.

இயக்கும்போது கைபேசி பழைய பின் எண்ணைக் கேட்கும். அது நிறுவனம் தொடக்கத்தில் வைத்திருக்கும் எண். அதை ஊகித்து அடிக்கக் கூடாது. வாடிக்கையாளர் சேவையில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தொடருங்கள், ஏனெனில் மூன்று முறை தவறாக அடித்தால் சிம் முடங்கி, பியூகே என்ற எட்டு இலக்க எண்ணைக் கேட்கும். பியூகே எண் சிம் வந்த அட்டையில் அச்சிடப்பட்டிருக்கலாம், அல்லது அடையாளத்தை உறுதி செய்தபின் நிறுவனம் தரும். அதையும் பத்து முறை தவறாக அடித்தால் அந்த சிம் நிரந்தரமாகச் செயலிழந்துவிடும். பிறகு புதிய சிம் வாங்குவதைத் தவிர வழி இல்லை. எண்ணும் போய்விடுமோ என்ற பயம் வேண்டாம், எண் நம்முடையதாகவே இருக்கும். அட்டை மட்டுமே மாறும்.

ஒருவர் பெயரில் இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் ஒன்பது இணைப்புகள் வரை இருக்கலாம். நமக்குத் தெரியாமல் நம் ஆதாரைக் கொண்டு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்பதையும் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, நம்முடையதல்லாத எண்ணை அங்கேயே புகார் செய்யலாம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்ற விரும்பினால், ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டி இடைவெளி விட்டு நம் பத்து இலக்க எண்ணைச் சேர்த்து 1900 என்ற எண்ணுக்கு அனுப்ப வேண்டும். பதிலாக வரும் குறியீட்டோடு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போகலாம்.

மூன்றாம் படி: திரையின் உச்சியில் தெரியும் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

2ஜி, 3ஜி, 4ஜி, 5ஜி என்பவை கைபேசி வலையமைப்பின் தலைமுறைகள். இந்தியாவில் முதல் கைபேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியது, அது 2ஜி. 5ஜி சேவை 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. தலைமுறை கூடக்கூட இணைய வேகம் கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பேச்சு எப்படிப் போகிறது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. 2ஜி, 3ஜி வலைகளில் பேச்சுக்குத் தனிப் பாதை இருந்தது. 4ஜியில் பேச்சும் இணையத் தரவாகவே போகிறது. அதற்குப் பெயர்தான் வோல்ட்டி. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவுக்கு 2ஜி, 3ஜி வலைகள் இல்லை என்பதால், வோல்ட்டி இல்லாத பழைய கைபேசியில் அந்த சிம்மைப் போட்டால் இயல்பான முறையில் பேச முடியாது. வீட்டின் உள்ளறையில் சிக்னல் கிடைக்காமல் வாசலுக்கு ஓடுபவர்கள், வைஃபை காலிங் என்ற வசதியைச் செட்டிங்ஸில் இயக்கினால், வீட்டு வைஃபை வழியாகவே சாதாரண அழைப்புகளைப் பேசலாம். பெரிய நிறுவனங்கள் இதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை.

பேண்ட் என்பது அலைவரிசைத் தொகுதி. 4ஜிக்கு இந்தியாவில் பேண்ட் 3, 5, 8, 40 போன்றவையும், 5ஜிக்கு என்78, என்28 என்பவையும் பயன்பாட்டில் உள்ளன. உள்ளூரில் வாங்கும் கைபேசிக்கு இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து வருவதாக இருந்தால் மட்டும், மாடல் எண்ணைக் கொண்டு இந்த பேண்டுகள் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசை தொலைவுக்கும் சுவர் கடந்தும் போகும். 3300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரில் தடைபடும். தெருவில் 5ஜி காட்டும் கைபேசி வீட்டுக்குள் 4ஜிக்கு இறங்குவதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று. கைபேசியில் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

சிக்னல் கோடுகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. உண்மையான அளவு, செட்டிங்ஸில் கைபேசியைப் பற்றிய பகுதியில் சிம் நிலை என்ற இடத்தில் டிபிஎம் என்ற அலகோடு எதிர்ம எண்ணாகத் தெரியும். மைனஸ் 90 அருகில் இருந்தால் நன்று. மைனஸ் 115-ஐத் தாண்டிக் கீழே போனால் பேச்சு விட்டுவிட்டு வரும். நிறுவனத்திடம் புகார் சொல்லும்போது இந்த எண்ணையும் சேர்த்துச் சொன்னால் புகாருக்கு வலுக் கூடும்.

வேகத்தைக் குறிப்பது மெகாபிட், கோப்பின் அளவைக் குறிப்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், நொடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் நொடிக்கு 5 மெகாபைட் அளவுதான் இறங்கும். விமானப் பயன்முறை கைபேசியின் வலையமைப்பு இணைப்பைத் துண்டிக்கும்; இணைப்பு சிக்கிக்கொண்டால் அதைப் போட்டு அரை நிமிடம் கழித்து எடுத்தால் பல நேரம் சரியாகிவிடும். ஹாட்ஸ்பாட் என்பது நம் இணையத்தைப் பிறரோடு பகிர்வது. அதற்குக் கடவுச்சொல் வைக்காமல் விடக் கூடாது.

நான்காம் படி: ராம், சேமிப்பிடம் ஆகிய இரண்டையும் பிரித்தறியுங்கள்

விளம்பரத்தில் 8 ஜிபி, 128 ஜிபி என்று இரண்டு எண்கள் இருக்கும். சமையல் மேடையும் பரணும் போல இவற்றை எண்ணிக்கொள்ளலாம். மேடை பெரிதாக இருந்தால் ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பரப்பிக்கொள்ளலாம், வேலை முடிந்ததும் மேடை காலியாகிவிடும், அதுதான் ராம். பரணில் ஏற்றிய பொருள் நாம் இறக்கும் வரை அங்கேயே இருக்கும்; அதுதான் சேமிப்பிடம். ராம் போதாதபோது செயலிகள் மூடிமூடித் திறக்கும். சேமிப்பிடம் நிறைந்தால் புகைப்படம் எடுக்க இயலாது, புதுப்பிப்பு இறங்காது, கைபேசி முழுவதுமே மந்தமாகும்.

விர்ச்சுவல் ராம் என்ற பெயரில் கூடுதலாக 8 ஜிபி தருவதாகப் பெட்டியில் போடுகிறார்கள். சேமிப்பிடத்தின் ஒரு பகுதியை ராம் போலப் பயன்படுத்துவதே அது. சேமிப்பிடம் ராமை விடப் பலமடங்கு மெதுவானது. எனவே 8 ஜிபியும் விர்ச்சுவலாக 8 ஜிபியும் சேர்ந்து 16 ஜிபி ஆகிவிடாது. கடைக்காரர் கூட்டிச் சொன்னால், உண்மையான ராம் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். சேமிப்பிடத்திலும் இஎம்எம்சி என்ற பழைய வகை மெதுவானது, யூஎஃப்எஸ் என்ற வகை வேகமானது. ஒரே விலையில் இரண்டு கைபேசிகள் இருந்தால், மெகாபிக்சல் கூடுதலாக உள்ளதைவிட யூஎஃப்எஸ் உள்ளதை எடுப்பதே நீண்ட நாளுக்கு நல்லது என்பது என் கருத்து.

சேமிப்பிடத்தை முதலில் நிரப்புவது வாட்ஸ்அப் குழுக்களில் வரும் காணொளிகள்தான். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பு, தரவு என்ற பகுதியில் தானாக இறங்குவதை நிறுத்திவிடலாம். செயலி ஒன்றின் தகவல் பக்கத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும்: கேஷை அழித்தல், தரவை அழித்தல். முதலாவது தற்காலிகக் கோப்புகளை மட்டும் நீக்கும், அதனால் இழப்பில்லை. இரண்டாவது அந்தச் செயலியைப் புதிதாக நிறுவியது போல ஆக்கிவிடும், அதில் சேர்த்தவை போய்விடும். இந்த வேறுபாட்டை அறியாமல் உரையாடல்களை இழந்தவர்கள் நிறையப் பேர். அதனால் இரண்டாவது பொத்தானை அழுத்தும் முன் ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

ஐந்தாம் படி: திரை, கேமரா, பிராசசர்

திரையின் அளவு மூலைக்கு மூலை அங்குலத்தில் அளக்கப்படுகிறது. எச்டி பிளஸ் என்றால் குறுக்கே 720 புள்ளிகள், ஃபுல் எச்டி பிளஸ் என்றால் 1080 புள்ளிகள். தமிழ் எழுத்துகளின் சுழிகள் தெளிவாகத் தெரிய இரண்டாவதே ஏற்றது. ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு நொடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது. 120 இருந்தால் உருட்டும்போது வழுவழுப்பாக இருக்கும், மின்கலம் சற்று விரைவாகக் குறையும். வெயிலில் படிக்க வேண்டியவர்கள் பார்க்க வேண்டிய எண் நிட்ஸ், அதாவது வெளிச்சம்.

கேமராவில் 50 மெகாபிக்சல் என்பது ஐந்து கோடிப் புள்ளிகள். ஆனால் வழக்கமான முறையில் எடுக்கும் படம் 12.5 மெகாபிக்சல் அளவிலேயே சேமிக்கப்படுகிறது. நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து இருட்டிலும் கூடுதல் ஒளி பெறுவதற்கான ஏற்பாடு அது. படத்தின் தரத்தை முடிவு செய்வது சென்சாரின் பரப்பளவும், லென்ஸின் திறப்பும், ஓஐஎஸ் எனப்படும் கைநடுக்கத் தடுப்பும்தான். எஃப்/1.8 போன்ற எண்ணில் பின்னால் உள்ள எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரியது என்று பொருள். டிஜிட்டல் ஜூம் என்பது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. ஆப்டிக்கல் ஜூம்தான் உண்மையில் தொலைவை நெருக்கமாக்கும்.

கைபேசியின் மூளையான பிராசசரின் பெயர்கள் ஸ்னாப்டிராகன், டைமென்சிட்டி, எக்சினோஸ் என்று இருக்கும். ஒரே பெயரில் மலிவானதும் விலை உயர்ந்ததும் உண்டு என்பதால் பெயரை மட்டும் நம்பக் கூடாது. பின்னால் வரும் எண்ணும் அது வெளிவந்த ஆண்டும் தெரிய வேண்டும். ஐபி68, ஐபி54 என்பவற்றில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. ஐபி68 இருந்தாலும் நீர் புகுந்த பழுதைப் பெரும்பாலான நிறுவனங்கள் உத்தரவாதத்தில் ஏற்பதில்லை; அந்தக் குறியீட்டை நம்பி யாரும் கைபேசியோடு கடலில் இறங்க வேண்டாம்.

ஆறாம் படி: மின்கலமும் சார்ஜரும்

5000 எம்ஏஎச் என்பது மின்கலம் எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கும் என்பது. 3.85 வோல்ட்டோடு பெருக்கினால் ஏறத்தாழ 19 வாட்-மணி ஆற்றல். வாட் என்பது எவ்வளவு விரைவாக ஏற்றுகிறது என்பது. சார்ஜரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைக்கும். 5 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 15 வாட். வேகமாக ஏற்றக் கைபேசி, சார்ஜர், கேபிள் ஆகிய மூன்றும் ஒரே முறையை ஏற்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் 80 வாட் சார்ஜரை வேறு நிறுவனத்தின் கைபேசியில் செருகினால் வேகம் மிகவும் குறைந்துவிடக்கூடும். ஆனால் கைபேசி தனக்குத் தேவையானதை மட்டுமே எடுத்துக்கொள்ளும் என்பதால், தரமான சார்ஜராக இருந்தால் வாட் கூடுதலாக இருப்பதால் கேடு வராது.

லித்தியம் மின்கலத்துக்குப் பெரிய எதிரி வெப்பம். நம் ஊர்க் கோடையில் காரின் முகப்பில் வெயில் படும்படி கைபேசியை வைப்பதும், தலையணைக்கு அடியில் வைத்து இரவில் ஏற்றுவதும் அதன் ஆயுளைக் குறைக்கும். 20 விழுக்காட்டுக்கும் 80 விழுக்காட்டுக்கும் இடையில் வைத்திருந்தால் நீண்ட நாள் உழைக்கும். 80-இல் நிறுத்தும் வசதி இப்போது பல கைபேசிகளில் உண்டு. பின்மூடி உப்பி, திரை ஓரத்தில் மேலெழும்பினால் மின்கலம் வீங்கியிருக்கிறது என்று பொருள். அதை உடனே அணைத்து, அழுத்தாமல், துளையிடாமல், பழுது பார்க்கும் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஏழாம் படி: முதல் மாலையிலேயே செட்டிங்ஸில் செய்ய வேண்டியவை

ஆண்ட்ராய்டு என்பது கூகுளின் இயங்குதளம். அதன் மேல் ஒவ்வொரு நிறுவனமும் தன் தோற்றத்தைப் போர்த்துகிறது. சாம்சங்கில் ஒன் யூஐ, ஒப்போவில் கலர் ஓஎஸ், ஷாவ்மியில் ஹைப்பர் ஓஎஸ். செட்டிங்ஸில் கைபேசியைப் பற்றிய பகுதியைத் திறந்தால் ஆண்ட்ராய்டு பதிப்பு ஒரு வரியிலும், பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி இன்னொரு வரியிலும் இருக்கும். இரண்டாவது வரிதான் முக்கியம். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் எந்தத் தேதி வரை அடைக்கப்பட்டிருக்கின்றன என்பதை அது சொல்கிறது. அந்தத் தேதி ஓராண்டுக்கும் மேல் பழையதாக இருந்து, புதுப்பிப்பும் வராவிட்டால், அந்தக் கைபேசியில் வங்கிச் செயலிகளை வைத்திருப்பது அறிவுடைமை ஆகாது. வாங்கும்போது எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவார்கள் என்று கேளுங்கள். என் பார்வையில் ஒரு கைபேசியின் உண்மையான ஆயுள் அந்த எண்தான்.

அடுத்து மொழி. சிஸ்டம் என்ற பகுதியில் தமிழைச் சேர்த்து முதலிடத்துக்கு இழுத்தால் கைபேசியின் பட்டியல்கள் தமிழில் வரும். விசைப்பலகையிலும் தமிழைச் சேர்க்கலாம். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 அமைப்பு, ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறை, பேச்சை எழுத்தாக்கும் முறை என்று பல வழிகள் இருக்கின்றன. தமிழ்99-ஐப் பழகிக்கொள்ள ஒரு சில நாள் பிடித்தாலும், பழகியபின் அதைவிட விரைவான வழி இல்லை என்பேன். குறுஞ்செய்தி அனுப்புபவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 குறியிடங்கள் மட்டுமே. "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல்லே ஐந்து குறியிடங்களை எடுத்துக்கொள்ளும், மெய்யின் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி இடம் என்பதால். நீண்ட தமிழ்ச் செய்தி இரண்டு மூன்றாகக் கணக்கிடப்படுவதற்கு இதுவே காரணம்.

திரைப்பூட்டுக்கு ஆறு இலக்கப் பின் எண் வையுங்கள். கைரேகை இருந்தாலும் அதற்கு அடியில் பின் எண் ஒன்று இருந்தே தீரும், அது 1234 ஆக இருந்தால் கைரேகையால் பயனில்லை. கூகுள் கணக்கைச் சேர்த்தபின், தொலைந்த கைபேசியைக் கண்டுபிடிக்கும் வசதி இயங்குகிறதா என்றும், தொடர்பு எண்கள் சிம்மில் சேமிக்கப்படாமல் கணக்கில் சேமிக்கப்படுகின்றனவா என்றும் பாருங்கள். கணக்கில் இருந்தால், புதிய கைபேசியில் உள்நுழைந்தவுடன் எல்லா எண்களும் வந்துவிடும்.

அனுமதி என்பது ஒரு செயலி நம் கைபேசியின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்பதற்கு நாம் தரும் இசைவு. வரைபடச் செயலி இருப்பிடத்தைக் கேட்பது முறை. டார்ச் செயலி தொடர்பு எண்களைக் கேட்பது முறையல்ல. பயன்படுத்தும்போது மட்டும் என்ற தேர்வையே வழக்கமாகக் கொள்ளுங்கள். குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியையும், அணுகல்தன்மை என்ற பெயரில் வரும் அனுமதியையும் கேட்கும் செயலியிடம் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். முதலாவது ஒருமுறைக் குறியீட்டைப் படிக்க வழிவிடும், இரண்டாவது திரையில் நாம் செய்வதையெல்லாம் பார்க்கவும் நமக்குப் பதிலாகத் தொடவும் வழிவிடும். ஏபிகே என்பது பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் செயலிக் கோப்பு. திருமண அழைப்பிதழ், மின்கட்டண ரசீது, வங்கிச் சேவை என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்புகளை, அனுப்பியவர் உறவினராகவே இருந்தாலும் திறக்காதீர்கள். அவருடைய கைபேசி ஏற்கெனவே பிறர் வசமாகி இருக்கலாம்.

எட்டாம் படி: அழைப்புகளையும் செய்திகளையும் அடையாளம் காணுதல்

நிறுவனங்களிடமிருந்து வரும் செய்தியின் அனுப்புநர் பெயர் முடிவில் கோட்டுக்குறிக்குப் பிறகு ஓர் ஆங்கில எழுத்து இருப்பதைக் கவனியுங்கள். பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் பணப் பரிமாற்றம், ஜி என்றால் அரசு. வங்கியின் பெயரைச் சொல்லிக்கொண்டு சாதாரணப் பத்து இலக்க எண்ணிலிருந்து வரும் செய்தியை நம்ப வேண்டியதில்லை. விளம்பர அழைப்புகளுக்கு 140 எனத் தொடங்கும் வரிசையும், வங்கி, நிதி நிறுவனங்களின் சேவை அழைப்புகளுக்கு 1600 எனத் தொடங்கும் வரிசையும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. விளம்பரங்களை மொத்தமாக நிறுத்த 1909 என்ற எண்ணை அழைக்கலாம்.

விண்மீன் குறியும் (*) கட்டக் குறியும் (#) கொண்ட எண்தொடர்கள் வலையமைப்புக்கு நாம் இடும் கட்டளைகள். கூரியர் வந்திருக்கிறது, இந்த எண்ணை அழுத்துங்கள் என்று சொல்லி *401* எனத் தொடங்கும் தொடரை அழுத்தச் செய்யும் மோசடி பரவலாக நடந்தது. அந்தத் தொடர் நம் அழைப்புகளை வேறொருவர் எண்ணுக்குத் திருப்பிவிடும். குரல் வழியாக வரும் ஒருமுறைக் குறியீடும் அவருக்கே போகும். இதனால் 2024 ஏப்ரல் 15 முதல் இத்தகைய தொடர் வழியாக அழைப்புத் திருப்புவதை நிறுத்துமாறு தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. நம் அழைப்புகள் எங்காவது திருப்பப்பட்டிருக்கின்றனவா என்று *#21# மூலம் பார்க்கலாம், ##002# மூலம் எல்லாத் திருப்பல்களையும் நீக்கலாம். சில நிறுவனங்களில் இவை இயங்காவிட்டால், அழைப்புச் செயலியின் அமைப்புகளில் அழைப்புத் திருப்பல் என்ற இடத்தில் பாருங்கள்.

மோசடியில் பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகர்வதற்குள் நிறுத்திவைக்க வாய்ப்பிருப்பது அந்தத் தொடக்க நேரத்தில்தான். காவல், தீயணைப்பு, மருத்துவ உதவி ஆகியவற்றுக்கான பொது அவசர எண் 112. திரை பூட்டியிருந்தாலும் அவசர அழைப்பு என்ற பொத்தான் மூலம் அதை அழைக்கலாம். வீட்டில் உள்ள முதியவர்களுக்கு இதை ஒருமுறை பூட்டிய திரையிலேயே காட்டிக்கொடுங்கள், அழைப்புப் பொத்தானை மட்டும் அழுத்தாமல்.

கடைசிப் படி: பழைய கைபேசியைக் கொடுக்கும்போது

புகைப்படங்களை மட்டும் நீக்கிவிட்டுக் கைபேசியை விற்பது போதாது. முதலில் கணக்கிலோ கணினியிலோ எல்லாவற்றையும் நகலெடுங்கள். வாட்ஸ்அப்புக்குத் தனியாக நகல் எடுக்க வேண்டும். வங்கி, யுபிஐ செயலிகளிலிருந்து வெளியேறுங்கள். பிறகு செட்டிங்ஸில் கணக்குகள் என்ற பகுதிக்குப் போய்க் கூகுள் கணக்கை நீக்குங்கள். அதை நீக்காமல் வேறு வழியில் அழித்துவிட்டால், கைபேசியை மீண்டும் இயக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். திருடர்களைத் தடுக்க வைத்த பூட்டு அது, நேர்மையாக வாங்கியவரையும் தடுத்துவிடும். இவை முடிந்தபின், தொழிற்சாலை மீட்டமைப்பு என்ற கட்டளையைக் கொடுங்கள். சிம்மையும் மெமரி கார்டையும் தட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குபவரிடம் ரசீதின் நகலைக் கொடுத்து, அவர் பெயர், தேதி, ஐஎம்இஐ எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கைபேசி நாளை எந்த வழக்கில் சிக்கினாலும், அது உங்கள் கையை விட்டுப்போன நாளுக்கு அந்தத் தாளே சான்று.